தொண்ணூற்றொன்பது விநாடி

தராசு மெக்கானிக்கின் மனைவி அன்று காலை வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, இருநூற்று நாற்பது விநாடி இறக்காமல் பிடித்திருந்தாள். பல்கலைக்கழகத்தின் ஆவணங்களின்படி, அன்று காலை அவள் வரவே இல்லை.

வந்ததற்குச் சாட்சி இருந்தது. தராசு மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் ஸ்டாப்வாட்சோடு ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். எண்பது விநாடி வரைக்கும் அவள் முகம் மலர்ந்திருந்தது. தொண்ணூறைத் தாண்டியதும் கையிலிருந்த படிவத்தை ஒருமுறை பார்த்தாள். நூறு ஆனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அக்கா, போதும், இறக்கிடுங்க” என்றாள்.

“ஏம்மா? எனக்கு வலிக்கவே இல்லையே.”

“அதுக்கில்லக்கா…” என்று இழுத்தவள், மறுபடியும் படிவத்தைப் பார்த்தாள். இருநூற்று நாற்பதாவது விநாடியில் தேநீர் இடைவேளைக்கு மணி அடித்தது. ஸ்டாப்வாட்சை நிறுத்தினாள். மணி அடித்திருக்காவிட்டால் இன்னும் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்பது யாருக்கும் தெரியாது.

ஆறு மாதத்துக்கு முன்பு, இதே நாற்காலியில், அதே கை பதினான்கு விநாடியில் சரிந்து விழுந்தது. அவள் வீட்டின் முன்னறையில் பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் வைத்திருந்தாள். இரண்டு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி. நோய் முதலில் கத்திரிக்கோலில்தான் தெரிந்தது. தசைகள் வேலை செய்யச் செய்யச் சோர்ந்துபோகும், ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் திரும்பும், மறுபடி சோரும். ஒரு பக்கம் வெட்டிவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்து, பிறகுதான் அடுத்த பக்கம். “அக்கா, இந்தப் பக்கம் இன்னைக்கு, அந்தப் பக்கம் நாளைக்கா?” என்று வாடிக்கையாளர்கள் கேலி செய்தார்கள். பிறகு கேலி நின்றது, அதற்கப்புறம் வாடிக்கையும் நின்றது. கடைசியில் மெல்லுவதற்கே ஒரு கையால் தாடையைத் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்போதுதான் பல்கலைக்கழகத்தில் புது மாத்திரை ஒன்றைச் சோதிக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அறுபது பேரைச் சேர்த்தார்கள். மாத்திரை கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு அறுபது பேரும் வேண்டும் என்றுதான் திட்டத்தில் இருந்தது. அவர்களை உட்கார வைக்க நாற்காலிகள் ஒதுக்கப்படாததால் அந்தப் பகுதி தள்ளி வைக்கப்பட்டது. அறுபது பேருக்கும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மூன்றாவது மாதத்தில் அவள் பார்லர் கதவைத் திறந்தாள். ஐந்தாவது மாதத்தில் ஒரே நாளில் ஒன்பது தலை.

கடைசி அளவீடு முடிந்து பத்து நாளில் கடிதம் வந்தது. ‘தாங்கள் இறுதி அளவீட்டுக்கு வருகை தராத காரணத்தால் பங்கேற்பாளர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். அறிவியலுக்குத் தாங்கள் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி.’

வீட்டில் இருபது நாளுக்கான மாத்திரை மிச்சம் இருந்தது. அந்த மாத்திரை எந்தக் கடையிலும் கிடைக்காது.

தராசு மெக்கானிக் நிதானமான மனிதர். சந்தைக் கடைகளிலிருந்து நகைக்கடை வரைக்கும் முப்பது வருடமாகத் தராசு பழுது பார்ப்பவர். முள் தப்பாகக் காட்டினால் முள்ளைத் திட்டமாட்டார், அடியில் எங்கே தூசி என்று பார்ப்பார். அந்தப் பழக்கத்தில் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நேராக ஸ்டாப்வாட்ச் பெண்ணிடம் போனார்.

அவள் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

“அண்ணே, நான் இருநூத்தி நாப்பதுன்னுதான் அடிச்சேன். கட்டம் ரெண்டுதான் இருக்கு. இருபத்தி நாலோட நின்னு போச்சு. பூஜ்யம் உள்ள போக மாட்டேங்குது.”

“சரி, இருபத்தி நாலுன்னே விட்டிருக்கலாமேம்மா.”

“அது தப்பாச்சே.”

“தொண்ணூத்தொம்பதுன்னு போட்டிருக்கலாம்ல?”

“அதுவும் தப்புதானே அண்ணே. எண் பொருந்தலைன்னா கட்டத்தைக் காலியா விடணும்னு கையேட்டுல போட்டிருக்கு. காலியா விட்டா, ஆள் வரலைன்னு கம்ப்யூட்டர் தானா எழுதிக்கும். கடிதமும் அதுவே அனுப்பிடும்.”

அவருக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. எடையைக் கூட்டிக் குறைத்து எழுதச் சொல்லி எத்தனையோ கடைக்காரர்கள் அவரிடமே கெஞ்சியிருக்கிறார்கள். அவர் எழுதியதில்லை.

“அதுசரி, ஏன் ரெண்டே ரெண்டு கட்டம்?”

அவள் வாசல் பக்கம் பார்த்துவிட்டு, “படிவம் அச்சடிச்சப்போ, யாரும் நூறைத் தாண்டுவாங்கன்னு யாரும் நினைக்கலையாம்” என்றாள்.

“எங்க வீட்டுக்காரி மட்டுந்தானா இப்படி?”

“பேர் சொல்லக்கூடாது அண்ணே. மொத்தம் பதினேழு பேர். மீதி நாப்பத்தி மூணு பேருக்குப் பெருசா ஒண்ணும் மாத்தமில்ல. அவங்க கணக்கு மட்டும் கட்டத்துல அழகா உக்காந்துக்கிச்சு.”

தேறியவர்கள் எல்லோரும் வராதவர்கள் ஆனார்கள். தேறாதவர்கள் மட்டுமே வந்தவர்கள். எனவே மருந்து வேலை செய்யவில்லை என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்டிருந்தது.

ஆய்வுத் தலைவரான பேராசிரியரைப் பார்க்க நான்கு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. மாத்திரை பதினாறு நாளுக்கு வந்துவிட்டது. அறையில் பிளாஸ்டிக்கில் செய்த ஒரு மனிதக் கை, தோல் உரித்த நிலையில், மேசைமேல் நின்றது. அதன் சுட்டுவிரலில் பேராசிரியர் தன் மூக்குக்கண்ணாடியை மாட்டி வைத்திருந்தார். மென்மையாகப் பேசுபவர். நோயாளிகளின் குடும்பத்தினரை நாற்காலியில் உட்காரச் சொல்லும் வழக்கம் உடையவர். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்து, தலையை ஆட்டினார்.

“நீங்க சொல்றது உண்மையாத்தான் இருக்கும். நான் நம்பறேன். ஆனா பாருங்க, அது தரவு இல்லை.”

“ஐயா, நான் தராசு வேலை பாக்கறவன். பத்துக் கிலோ தராசுல இருபது கிலோ மூட்டையை வச்சா முள்ளு போய் முட்டிக்கிட்டு நிக்கும். தராசு சின்னதுன்னுதான் சொல்லுவோம். மூட்டையே இல்லைன்னு சொல்லுவோமா?”

பேராசிரியர் முகம் பிரகாசமானது. பிளாஸ்டிக் விரலிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு தாளில் வேகமாக எழுதினார். “அற்புதமான உவமை. பாடத்துல எடுத்துக்கலாமா? உங்க பேரைப் போட முடியாது. ஒரு தொழிலாளி சொன்னார்னு போட்டுக்கறேன்.”

“தாராளமாப் போட்டுக்குங்க ஐயா. அப்படியே எங்க வீட்டுக்காரிக்கு மாத்திரையும் குடுத்துடுங்க.”

“எந்த மாத்திரை?”

“இந்த மாத்திரைதான். மேல அலமாரியில இருக்குன்னாங்களே.”

“ஒம்பதாயிரம் இருக்கு” என்று ஒத்துக்கொண்டார் பேராசிரியர். “ஆனா வேலை செய்யாத மருந்தை ஒரு நோயாளிக்குக் குடுக்கறது அறநெறிக்கு விரோதம் இல்லையா? நீங்களே யோசிச்சுப் பாருங்க. அடுத்த மாசம் மாநாட்டுல முடிவை வெளியிடறோம். மறுநாள் அத்தனையும் எரிச்சுடணும். அதுதான் விதி.”

தராசு மெக்கானிக் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “ஐயா, ஒரு யோசனை. அவளை மறுபடி கூட்டிட்டு வரேன். தொண்ணூத்தஞ்சுல கையை இறக்கச் சொல்லிடறேன். உங்க கட்டத்துக்குள்ள வந்துடும். வந்ததாவும் ஆயிடும், தேறினதாவும் ஆயிடும்.”

பேராசிரியர் எழுந்தே விட்டார். அந்த மென்மையான மனிதரின் குரல் முதல்முறையாக உயர்ந்தது.

“என்ன பேசறீங்க! இருநூத்தி நாப்பது பிடிக்கறவங்க தொண்ணூத்தஞ்சுல இறக்கினா அது மோசடி! இந்தத் துறையில இருபத்தாறு வருஷமா இருக்கேன், ஒரு எண்ணைக்கூட நான் வளைச்சதில்ல. இந்தப் பல்கலைக்கழகத்துலேருந்து ஒரு கட்டுரை வெளிநாட்டுல அச்சாகி பதினோரு வருஷம் ஆச்சு. இப்ப ஒண்ணு ஏத்துக்கிட்டாங்க. ஏன் ஏத்துக்கிட்டாங்க? தரவு அவ்வளவு சுத்தம். மேல ஏறாம கீழ இறங்காம ஒரே நேர்கோடு. ஒரு மருந்து இவ்வளவு தெளிவா தோத்து நான் பார்த்ததே இல்ல!”

பிறகு தணிந்து, உட்கார்ந்து, “திருத்தணும்னா அறநெறிக் குழுவுக்கு மனு குடுங்க. நான் தடுக்க மாட்டேன். அறிவியல் எப்பவும் திருத்தத்துக்குத் திறந்தேதான் இருக்கு” என்றார்.

திறந்திருந்தது இரண்டாம் மாடியில், வாரத்துக்கு ஒருநாள், இரண்டு மணி நேரம்.

வீட்டில் அவள் அன்றிலிருந்து மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். தினம் காலையில் கண்ணாடி முன்னால் நின்று கையைத் தூக்குவாள். அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். இருநூற்றுப் பத்து. நூற்றெண்பது. நூற்றைம்பத்திரண்டு. எண்ணைச் சொன்னதும் இருவரும் அவரவர் வேலைக்குப் போவார்கள். அவள் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வாடிக்கையாளர்களையெல்லாம் போனில் கூப்பிட்டாள். “இப்பவே வந்து வெட்டிக்கடி.”

“போன வாரந்தானேக்கா வெட்டினீங்க, இன்னும் வளரவே இல்லையே?”

“வளர்ற வரைக்கும் எனக்கு நேரமில்ல. வா.”

அறநெறிக் குழு அலுவலகத்துக்கு வெளியே நீளமான பெஞ்சு ஒன்று. தராசு மெக்கானிக் போனபோது அதில் ஏற்கெனவே எட்டுப்பேர் இருந்தார்கள். எல்லோர் கையிலும் அதே கடிதம். ஓரத்தில் இருந்தவர் கட்டடங்களுக்கு வெள்ளையடிக்கும் பெயிண்டர். நகக்கண்ணில் நீல நிறம் ஒட்டியிருந்தது. அவர்தான் நகர்ந்து இடம் விட்டார்.

“வா தம்பி. நீயும் வராதவனா?”

“என் வீட்டுக்காரி.”

“எவ்வளவு?”

“இருநூத்தி நாப்பது.”

பெயிண்டர் பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்து, “கேட்டீங்களா, நம்மளவிட ரொம்ப வராதவங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது பெயிண்டரின் இடது இமை மெல்ல இறங்கியது, அவர் அதை விரலால் தூக்கி விட்டுக்கொண்டார். “நான் நூத்தி எழுபது. மாத்திரை தீர்ந்து ஒரு வாரம் ஆச்சு. நேத்து சுவத்துல பாதி உயரத்துக்கு மேல கை போகல. வீட்டுக்காரன் கேக்கறான், இது என்ன புது மாடலான்னு.”

குழுவின் செயலாளர் கண்டிப்பான அம்மையார். மேசையில் இரண்டு முத்திரைகள் இருந்தன. ஒன்றில் ‘பெறப்பட்டது’, மற்றதில் ‘திருப்பப்பட்டது’. தராசு மெக்கானிக்கின் மனு இரண்டையும் அடுத்தடுத்து வாங்கியது.

“மனுவுல பங்கேற்பாளர் கையெழுத்துப் போடணும். உங்க மனைவி பங்கேற்பாளர் இல்லையே. நீக்கியாச்சு.”

“நீக்கினது தப்புன்னுதானேம்மா மனு?”

“அதுக்கு முதல்ல வராததுக்கு விளக்கம் குடுக்கணும். இந்தாங்க.” ஒரு படிவத்தை நீட்டினார். ‘வருகை தராமைக்கான காரணம்’ என்ற தலைப்பின் கீழ் நான்கு கட்டங்கள் இருந்தன. இறப்பு. இடமாற்றம். ஆர்வமின்மை. மற்றவை.

அவர் ‘மற்றவை’யில் குறியிட்டு, பக்கத்தில் ‘வந்தோம்’ என்று எழுதிக் கொடுத்தார்.

செயலாளர் படித்தார். “வந்தோம்ங்கிறது வராததுக்குக் காரணமா?”

“இல்லதான்.”

“அப்புறம்?”

தராசு மெக்கானிக் தலையில் கை வைத்துக்கொண்டார். “நீங்களே ஒரு வழி சொல்லுங்கம்மா. இன்னும் பதினெட்டு அரை மாத்திரைதான் இருக்கு.”

செயலாளருக்கும் மனம் இளகியது. கல் நெஞ்சுக்காரர் அல்ல. முன்னால் சாய்ந்து, அக்கறையோடு சொன்னார்: “குழு இப்போதைக்குக் கூடாதுங்க. ஏழு பேர்ல ஒருத்தர் ஓய்வு, ஒருத்தர் வெளிநாடு, பொதுமக்கள் பிரதிநிதி இடம் மூணு வருஷமா காலி. அவசரம்னாத்தான் கூட்டுவாங்க. அவசரம்னா இறப்புதான். இறப்புன்னு ஒரு டிக் அடிச்சுக் குடுங்க, இருபத்தி நாலு மணி நேரத்துல இருக்கிறவங்க எல்லாரும் வந்து உக்காந்துடுவாங்க. மத்த காரணத்துக்கெல்லாம் கோப்பு நகராது. நான் அனுபவத்துல சொல்றேன்.”

தராசு மெக்கானிக் படிவத்தைக் கிழிக்கப் போனார். கிழிக்கவில்லை. மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்து, நடந்ததைச் சொன்னார். அவள் பேனாவைக் கேட்டாள்.

“ஏய், வேணாம். வாயில நல்ல வார்த்தை வரட்டும், கையில இதெல்லாம் எழுதாதே.”

“உசுரோட இருந்தா கூட்டம் இல்ல, செத்தாக் கூட்டம்னா, என்னங்க பண்றது? அவங்க உக்காந்தாலாவது யாராவது ஒருத்தர் கேப்பாங்கல்ல, இந்தம்மா எப்படி இருந்தாங்கன்னு.” முதல் கட்டத்தில் குறியிட்டாள். கோடு கொஞ்சம் நடுங்கியது. அன்று காலை எண் நூற்று இருபது.

செயலாளர் சொன்னது சரிதான். படிவம் போய்ச் சேர்ந்த மறுநாளே குழு கூடியது. வெளிநாட்டில் இருந்தவர் திரையில் வந்தார். முதலில் எழுந்து நின்று அரை நிமிடம் மௌனம் காத்தார்கள். பிறகு பரிசீலனை. இறந்தவர் இறுதி அளவீட்டுக்கு வராதவர். வராதவர் பட்டியலில் இல்லாதவர். பட்டியலில் இல்லாதவரின் இறப்புக்கும் மருந்துக்கும் தொடர்பு இருக்க முடியாது. ஆக மருந்து பாதுகாப்பானது என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். எந்தப் பயனும் இல்லாத, எந்தக் கெடுதலும் இல்லாத மருந்து என்று அறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது. பேராசிரியர் மகிழ்ந்தார்.

நான்காம் நாள் மதியம் பியூன் ஒருவர் சைக்கிளில் வந்து பார்லர் வாசலில் நின்றார். அவள் ஒரு பெண்ணின் பின்கழுத்து முடியைச் சீர் செய்துகொண்டிருந்தாள்.

“பல்கலைக்கழகத்துலேருந்து அனுதாபக் கடிதம். இறந்தவங்க வீட்டுக்காரர் இருக்காரா?”

“வேலைக்குப் போயிருக்கார். எங்கிட்டக் குடுங்க.”

“நீங்க யாரு?”

“இறந்தவங்க.”

பியூன் அவளை மேலும் கீழும் பார்த்தார். பல்கலைக்கழகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர், எதற்கும் அசருபவர் இல்லை. “கையெழுத்துப் போடுவீங்களா?”

“போடுவேன்.”

“அப்பச் சரி. மிச்ச மாத்திரையைத் திருப்பிக் குடுக்கணும்னு இருக்கு. எத்தனை இருக்கு?”

அவள் மேசை இழுப்பறையில் எட்டு அரை மாத்திரை இருந்தது. “ஒண்ணுமில்ல. சாப்பிட்டாச்சு” என்றாள். பியூன் நாக்கைக் கடித்தபடி ரசீதில் எழுதினார்: ‘மீதி இல்லை. இறந்தவர் உட்கொண்டுவிட்டதாக இறந்தவரே நேரில் தெரிவித்தார்.’ அந்த ரசீது கோப்பில் ஒழுங்காகச் சேர்க்கப்பட்டது. யாரும் அதில் ஒரு குறையும் காணவில்லை.

மாநாட்டுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஸ்டாப்வாட்ச் பெண் தானாகவே பார்லருக்கு வந்தாள். முடி வெட்டிக்கொள்ள வந்தவள்போல நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் தராசு மெக்கானிக்கின் மனைவியைப் பார்த்ததும் அவள் கண் கலங்கியது. வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டுதான் மெக்கானிக்கின் மனைவி சீப்பைப் பிடித்திருந்தாள்.

“அக்கா, மாநாட்டு மண்டபத்துல கடைசி ரெண்டு வரிசை பொதுமக்களுக்குன்னு ஒதுக்கணுமாம். பண உதவி பண்றவங்க நிபந்தனை. வழக்கமா யாரும் வரமாட்டாங்க, பசங்களைப் பிடிச்சு உக்கார வைப்போம். இந்தத் தடவை ஆள் நிரப்பற பொறுப்பை எங்கிட்டக் குடுத்திருக்காங்க. யாரை வேணும்னாலும் கூப்பிடலாம்னு சொல்லியிருக்காங்க.”

“பேசவிடுவாங்களாம்மா?” என்றார் தராசு மெக்கானிக்.

“பேச்சு முடிஞ்சதும் கேள்வி நேரம் இருக்கு அண்ணே. கையைத் தூக்கினா மைக் வரும். துணைவேந்தர், பத்திரிகைக்காரங்க எல்லாரும் இருப்பாங்க. ஒரே ஒருத்தர் மைக்ல ‘நான் வந்தேன்’னு சொல்லிட்டாப் போதும். அப்புறம் மருந்தை எரிக்க முடியாது.”

பதினேழு பேரும் வந்தார்கள். மண்டபத்தின் வாசலில் ஒவ்வொருவர் சட்டையிலும் ‘பொதுமக்கள்’ என்று ஒரு அட்டையைக் குத்தினார்கள். தராசு மெக்கானிக்குக் கிடைத்த அட்டையில் ‘உடன் வந்தவர்’ என்று இருந்தது. பெயிண்டரை அவர் மகள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுப் போனாள். “என்ன தம்பி, நல்ல சுவரு” என்று மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார் அவர். “யார் அடிச்சானோ, ரெண்டு கோட்டு குறைச்சுட்டான்.”

தராசு மெக்கானிக்கின் மனைவி சேமித்து வைத்திருந்த கடைசி இரண்டு அரை மாத்திரைகளையும் அன்று காலை ஒன்றாக விழுங்கியிருந்தாள். முந்தின நாள் எண் நாற்பத்தொன்று.

பேராசிரியர் நன்றாகப் பேசினார். “இந்த ஆய்வோட பெருமை வெற்றியில இல்ல. தோல்வியோட துல்லியத்துல இருக்கு” என்றபோது முன்வரிசை தலையசைத்தது. பத்துக் கிலோ தராசு உவமையையும் சொன்னார். ஒரு எளிய தொழிலாளியிடமிருந்து கற்றதாகவும், ஆய்வாளன் தன் கருவியின் எல்லையை உணரவேண்டும் என்பதே அதன் பொருள் என்றும் விளக்கினார். பிறகு திரையில் ஒரு நேர்கோடு விழுந்தது.

“ஆறு மாத முடிவுல, ஒரு பங்கேற்பாளர்கூட தொண்ணூத்தொம்பது விநாடியைத் தாண்டலை.”

கடைசி இரண்டு வரிசையில் பதினேழு கைகள் உயர்ந்தன.

யாரும் சொல்லிவைத்து உயர்த்தவில்லை. அந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டு அவர்களால் கையை மடியில் வைத்திருக்க முடியவில்லை. தராசு மெக்கானிக் தன்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்தார்.

மேடையில் அமர்ந்திருந்த அமர்வுத் தலைவர், முதிய விஞ்ஞானி, கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் புன்னகைத்தார். “பொதுமக்கள் கிட்ட இவ்வளவு ஆர்வத்தை நான் எதிர்பார்க்கல. ரொம்ப சந்தோஷம். கேள்விகளைப் பேச்சு முடிஞ்சதும் எடுத்துக்குவோம். ரெண்டே நிமிஷம்.”

“கையை இறக்கிடு” என்று கிசுகிசுத்தார் தராசு மெக்கானிக். “அப்புறம் தூக்கிக்கலாம்.”

“இறக்கினா மறுபடி ஏறாதுங்க” என்றாள் அவள். மற்றவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. ஒருவரும் இறக்கவில்லை.

பேராசிரியர் நன்றி சொல்ல ஆரம்பித்தார். துணைவேந்தருக்கு நன்றி. பதிவாளருக்கு நன்றி. பெயிண்டரின் கை இருபதாவது விநாடியில் சரிந்து, முன்னிருக்கையின் முதுகில் மோதி விழுந்தது. அறநெறிக் குழு அவசரமாகக் கூடியதற்கு நன்றி. இரண்டு கைகள் ஒன்றாக இறங்கின. படிவத்தை வடிவமைத்த நிபுணர் குழுவுக்குத் தனி நன்றி, அவர்கள் பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. நாற்பது. ஒரு கை, இன்னொரு கை. எழுபதாவது விநாடியில் ஐந்து கைகள் மிச்சம். கணினிப் பிரிவுக்கு நன்றி. மூன்று. தொண்ணூறில் அவள் கை மட்டும் நின்றது. முழங்கை கிடுகிடுவென்று ஆடியது. பல்லைக் கடித்தாள், பல்லைக் கடிக்கவும் தசை வேண்டியிருந்ததால் வாய் திறந்துகொண்டது. தொண்ணூற்றொன்பது. நூறு. நூற்று ஒன்று.

“இறுதியா,” என்றார் பேராசிரியர், “இந்த ஆய்வுக்காகத் தங்கள் நேரத்தைக் கொடுத்த, தவறாம வருகை தந்த நாப்பத்தி மூணு பங்கேற்பாளர்களுக்கு…”

நூற்றுப் பதினெட்டாவது விநாடியில் அவள் கை விழுந்தது. அது விழும்போதே தராசு மெக்கானிக் பிடித்துக்கொண்டார். மணிக்கட்டைத் தன் இரண்டு கையாலும் பற்றி, தலைக்கு மேலே தூக்கி நிறுத்தினார். பேச்சு முடிந்து எழுந்த கைதட்டல் ஓய்ந்தது.

“இப்போ கேள்விகள்” என்றார் அமர்வுத் தலைவர். மண்டபத்தைக் கண்ணால் துழாவினார். “கொஞ்ச நேரம் முன்னாடி நிறைய கைகள் தெரிஞ்சுதே? ஆங், அங்க ஒண்ணு இருக்கு. ஆனா… ஐயா, அது நீங்க தூக்கற கை இல்லையா?”

“இவங்க கேக்கணும் ஐயா. நான் பிடிச்சுக்கறேன், அவ்வளவுதான்.”

“கேள்வி இருக்கிறவங்க அவங்களே கையை உயர்த்தணும். நீங்க வற்புறுத்தக் கூடாது.”

“வற்புறுத்தலைங்க. இவ கைதான் ஏற மாட்டேங்குது. சரி, நானே கேக்கறேன்…”

அமர்வுத் தலைவர் குனிந்து பக்கத்திலிருந்தவரிடம் எதையோ கேட்டார். தூரத்திலிருந்து அட்டையை யாரோ படித்துச் சொன்னார்கள். “மன்னிக்கணும். உடன் வந்தவர்களுக்குக் கேள்வி நேரத்துல இடமில்ல. அம்மா, உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?”

மண்டபம் திரும்பி அவளைப் பார்த்தது. ஸ்டாப்வாட்ச் பெண் மைக்கைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் ஓடிவந்து, அவள் வாயருகே நீட்டினாள். அவள் உதடு அசைந்தது. நாக்கும் ஒரு தசைதான். ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. பெயிண்டர் சத்தம் போடப் பார்த்தார், அவருக்கு வந்தது இருமல். அமர்வுத் தலைவர் நாகரிகமாகப் பத்து விநாடி காத்திருந்தார்.

“கூச்சப்படறாங்க” என்றார். “பரவாயில்ல. கேள்விகள் எதுவும் எழவில்லைன்னு பதிவு பண்ணிக்குங்க.”

மறுபடியும் கைதட்டல் எழுந்தது. முன்வரிசைகள் எழுந்து நின்று தட்டின. கடைசி இரண்டு வரிசையில் ஒரு சத்தமும் இல்லை. தராசு மெக்கானிக் மனைவியின் கையை இன்னும் இறக்காமல் பிடித்திருந்தார்.

பேராசிரியர் பூச்செண்டோடு துணைவேந்தருக்குப் பக்கத்தில் நடந்து, அந்த வரிசைகளைத் தாண்டிப் போனார். வெற்றிக் களையிலும் அவர் முகத்தில் லேசான வருத்தம் தெரிந்தது.

“பாத்தீங்களா சார்” என்றார். “கேள்வியும் கேக்கல, கையும் தட்டல. நம்ம மக்களுக்கு அறிவியல் மேல அக்கறையே இல்ல.”